சாமி தராத விதைகள்

கண்ணு,

நான் தனியாக எழுதி அனுப்பும் கடிதங்களுக்கெல்லாம் நீ கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்புகிறாய். எட்டுப் பக்கம் எழுதினாலும் அந்த விரல்தான், ஒரு வரி எழுதினாலும் அந்த விரல்தான். அதனால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அச்சில் வந்தால் உன் சிநேகிதர்களில் யாராவது படம் பிடித்து உனக்கு அனுப்பிவைப்பார்கள். அம்மாவைப் பற்றி நாலு பேர் பேசுகிறார்கள் என்றால் நீ உடனே படிப்பாய். இது என் யூகம் இல்லை, போன மாதம் நடந்ததுதான்.

போன மாதம் உனக்கு வந்த காணொளியில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருத்தி பாறை மேல் குந்தி உட்கார்ந்து, மரநாயின் கழிவைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள். எடுத்தவர் பின்னணியில் புல்லாங்குழல் சேர்த்திருந்தார். வழக்கமாக ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுகிற நீ, புதன்கிழமையே கனடாவிலிருந்து கூப்பிட்டாய். "என்னம்மா இது?" என்றாய். "விதை பொறுக்கறேன் கண்ணு" என்றேன். "எதுலேர்ந்து?" என்றாய். சொன்னேன். பிறகு, காய்ச்சல்காரரிடம் பேசுகிற குரலில், கோயம்புத்தூரில் பெரியவர்களுக்கான குடியிருப்பு ஒன்றில் எனக்கு அறை பார்த்துப் பேசி வைத்திருப்பதாகச் சொன்னாய். பங்குனியில் வந்து நீயே அழைத்துப்போய் விடுகிறாயாம். வெந்நீர் குழாயில் வருமாம், டாக்டர் அறைக்கே வருவாராம். "நீ ஆசப்பட்டா அங்கயும் செடி வைக்கலாம்மா, தொட்டி குடுப்பாங்க" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த யோசனைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்.

உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் சத்தம் போடுகிறவை என்று மிஞ்சியவை பல்லியும் குளிர்சாதனப் பெட்டியும் நானும்தான். அதில் நான்தான் குறைவாகப் பேசுகிறவள். ஓர் ஆளுக்குச் சமைப்பது எப்படி என்று எந்தச் சமையல் புத்தகக்காரரும் எழுதவில்லை. உலை கொதிக்கும்போது கை தானாக இன்னொரு பிடி அரிசியை அள்ளிப் போட்டுவிடும், மறுநாள் முழுக்கப் பழைய சோறு. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் நானும் பதிலுக்கு வணக்கம் சொல்லத் தொடங்கினேன். ஒருநாள் அவளுக்குப் பதிலாக வேறொருத்தி வந்து உட்கார்ந்தபோது, பழையவளுக்கு உடம்புக்கு என்ன என்று யாரிடம் விசாரிப்பது என்று உண்மையிலேயே யோசித்தேன். நீ ஞாயிறுதோறும் கூப்பிட்டு "சாப்ட்டியா?" என்பாய். "சாப்ட்டேன்" என்பேன். "வேற?" என்பாய். "வேற என்ன, நீதான் சொல்லணும்" என்பேன். நம் இருவருக்கும் இடையே கடல் இருப்பதைக்கூட நான் ஒத்துக்கொள்வேன். அந்த 'வேற' என்கிற சொல்தான் கடலைவிட அகலமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் வந்தார்கள். அது நம் ஊர் வைத்த பெயர். நாமக்கல்லிலிருந்து ஒரு வேனில் வருவார்கள். சிவக்குமார் என்று ஒரு தம்பி, வங்கியில் வேலை, அவர்தான் தலைவர். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருவதால், நம் மலைக்குத் தொண்டு செய்ய வருகிறவர்கள் எல்லோரும் முதலில் காலைப் பலகாரத்தைத் தியாகம் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். வெளிறிய முகத்தோடு இறங்கி, "இயற்கை அன்னை" என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, முடிக்க முடியாமல் ஓரமாக ஓடுவார்கள். வேன் நிற்கும் இடம் நம் வீட்டுக்கு எதிரே என்பதால் தண்ணீரும் எலுமிச்சம்பழமும் கொடுத்தேன். பொதுவாழ்வில் என் நுழைவு எலுமிச்சம்பழம் வழியாக நிகழ்ந்தது.

ஊருக்கு மேலே இருக்கிற சரிவு உனக்குத் தெரியும். நீ அரைக்கால்சட்டை போட்ட காலத்திலேயே அது மொட்டை. ஒரு காலத்தில் காடாக இருந்ததாம். மரத்தை வெட்டியது யார் என்று நம் எடப்புளி நாட்டில் கேட்டால் இதே மலையில் அடுத்த பகுதியான திண்ணனூர் நாட்டைக் கை காட்டுவார்கள். அங்கே போய்க் கேட்டால் நம்மைக் கை காட்டுவார்கள். மரம் போன பிறகு கோடைதோறும் யாராவது தீ வைப்பார்கள், அதற்கும் ஆள் கிடையாது, அது தானாகப் பற்றிக்கொள்ளும் வகைத் தீ. அப்புறம் உண்ணிச்செடி வந்து புதராக மண்டியது. அந்தச் சரிவைத் திரும்பக் காடாக்க முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள் இந்த ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள். மரங்கள் மீது கொண்ட மாறாத காதலால் இந்தத் தாய் சேர்ந்தார் என்று அந்தக் காணொளிக்குக் கீழே யாரோ எழுதியிருக்கிறார். எனக்கு மரங்களிடம் விரோதம் எதுவும் இல்லை. ஆனால் நான் சேர்ந்தது, வாரத்தில் ஒருநாளாவது என்னிடம் யாராவது ஒரு முழு வாக்கியம் பேசுவார்கள் என்றுதான். சனிக்கிழமையே புடவையை இஸ்திரி போட்டு வைப்பேன். மண்வெட்டி பிடிக்கப் போகிறவளுக்கு இஸ்திரி எதற்கு என்று பக்கத்துத் தோட்டத்துச் செல்லாயி கேட்டாள். "ஏனுங்க டீச்சரு, குழி வெட்டப் போறீங்களா, கொடி ஏத்தப் போறீங்களா?" என்றாள். செல்லாயியை உனக்குத் தெரியும். ஆடு மேய்ப்பாள், மிளகு பறிப்பாள், மற்ற நேரத்தில் என்னைக் கிண்டல் செய்வாள்.

முதல் வருடம் நாங்கள் செய்த காரியத்தைச் சொல்கிறேன், இதில் உனக்கும் ஒரு செய்தி இருக்கிறது. சரிவில் கை எட்டிய இடமெல்லாம் மண்டிக் கிடந்த உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கி எறிந்தோம். யோசனை என்னுடையது. வேலைக் காலம் முழுக்க வளாகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் கத்தியவளுக்கு, ஒரு மலைச் சரிவைப் பார்த்தால்கூடப் பள்ளிக்கூட வளாகமாகத்தான் தெரியும். பிடுங்கி முடித்தபோது சரிவு வழித்த தலை மாதிரி சிவப்பாகப் பளபளத்தது. எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஐப்பசி மழையில் அந்தச் சிவப்பு மண் முழுவதும் இறங்கி வந்து பாதையைத் தாண்டி நம் வாசலில் நின்றது. நாங்கள் நட்டிருந்த கன்றுகளும் கூடவே வந்தன. செல்லாயி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பரவால்லீங்க டீச்சரு, இனி மேல ஏற வேண்டாம், காடே எறங்கி ஊட்டுக்கு வந்திருச்சு" என்றாள். அதற்குப் பிறகுதான், மறுபடி தழைத்த புதரைத் திட்டுத் திட்டாக விலக்கி, மிச்சத்தை நிழலுக்கும் மண்ணைப் பிடிப்பதற்கும் விட்டுவைத்து, நடுவில் கன்று வைக்கக் கற்றோம். நீ புது வீடு வாங்கியிருக்கிறாய். உன் மனைவி வைத்திருக்கிற பழைய சாமான்களைப் பற்றிப் போன முறை ரொம்ப நேரம் குறைப்பட்டுக்கொண்டாய். எதையும் ஒரே நாளில் சுத்தம் செய்துவிடாதே. அசிங்கமாகத் தெரிகிற சிலது எதையோ பிடித்து வைத்துக்கொண்டிருக்கும்.

எதை எப்போது விட்டு விலகி நிற்பது என்பதை உன் அப்பா செடிகளிடமிருந்து நேராகக் கற்றவர், அதனால் யாருக்கும் சொல்லித்தரவில்லை. நீ ஏழாம் வகுப்பில் கணக்கில் தவறியபோது, தலைமையாசிரியை மகன் கணக்கில் தவறுவதா என்று நான் தினமும் சாயங்காலம் உன் தலைக்கு மேல் நின்றேன். நீ ஒரு கணக்கைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாய், முகத்தைப் பார்த்துவிட்டு விடையை அடிப்பாய். சரியான விடையைக்கூட அடித்தாய். மிளகுக்கொடி கட்டிவிட்டு வந்த உன் அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சித்த நகந்து நில்லு. பையன் மேல உன் நெழலு உழுவுது" என்றார். விளக்கை மறைக்கிறேன் என்று நினைத்து நகர்ந்தேன். அந்த அறையில் விளக்கு என் பக்கம் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. நீ கனடா போக முதல் தடவை செம்மேட்டில் பேருந்து ஏறியபோதும் அவர் சொன்னது, "சன்னலோரம் உக்காரு, வளைவுல கொமட்டுனா எட்டிப் பாத்துக்கலாம்" என்பது மட்டும்தான். நான் பக்கம் பக்கமாகச் சொல்லியிருந்தேன். அந்தப் பயணத்தில் உனக்குப் பயன்பட்டது அவர் சொன்னதுதான் என்று நீயே பின்னால் சொன்னாய்.

சரிவுக்கு வருகிறேன். அடுத்த வருடங்களில் கீழிருந்து கொண்டுவந்த கன்றுகளை வைத்தோம். கீழ்நாட்டு வெயிலில் பிறந்தவை. நம் மார்கழிக் குளிரில் ஒவ்வொன்றாக, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், செத்தன. இந்த மலையிலேயே விளைந்த விதை வேண்டும் என்று சிவக்குமார் படித்துவிட்டு வந்தார். சரிவைச் சுற்றித் தாய்மரம் என்று மிஞ்சியிருப்பது ஒரே இடத்தில்தான், நம் கோயில் சோலையில். அங்கே நாவலும் காட்டு மாவும் அத்தியும் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் நிற்கின்றன. நிற்பதற்குக் காரணம், அந்தச் சோலையிலிருந்து ஒரு காய்ந்த சுள்ளிகூட வெளியே போகக்கூடாது என்பது. எல்லாம் சாமியுடையது. தாண்டிப் போகும்போது காலில் ஒட்டிய இலையைக்கூட உதறிவிட்டுத்தான் வர வேண்டும். அப்படியானால் சாமியிடமே கேட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று. பூசாரி பெரியண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை பூக் கேட்க ஒத்துக்கொண்டார். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துச் சாமி முன்னால் வைத்து, எதில் எது என்று அறியாத ஒருவரை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. கேட்கிறவரே எடுக்கட்டும் என்று பெரியண்ணன் சிவக்குமாரை முன்னால் தள்ளினார்.

சிவக்குமார் பகுத்தறிவு உள்ளவர். விடுப்பு போட்டுவிட்டு வந்து நின்றவர், அந்தப் பொட்டலத்தைத் தொடும் முன் செருப்பைக் கழற்றியாயிற்றா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். பிரித்தார். சிவப்பு. நம் ஊர் ஆட்கள் ஒரு பெருமூச்சு விட்டுக் கலையத் தொடங்கினார்கள். "இன்னொரு வாட்டி எடுத்துப் பாக்கலாங்களா?" என்று கேட்டார் சிவக்குமார். பெரியண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இது என்னங்க தம்பி, பத்தாங்கிளாசா? ஆறாவது மாசம் மறுக்கா எழுதறதுக்கு?" என்றார். வேனில் வந்திருந்த ஓர் இளைஞர் என் காதருகே, "அந்திக்கு மேல வந்து நாலு பழம் எடுத்தா யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் செல்லாயிக்கு ஆடு இருமினாலே கேட்கும். "சாமிக்குத் தெரியுமுங்க. அது போக எனக்குத் தெரியும். சாமியாட்டம் நான் சும்மா உக்காந்திருக்க மாட்டேன்" என்றாள். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வருடக்கணக்காகப் பாடம் நடத்தியவள் நான். ஆனால் அந்த ஊர் ஒரு 'இல்லை'யை முணுமுணுக்காமல் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதைப் பார்த்தபோது, எங்கள் பள்ளி ஆசிரியர் கூட்டங்களில் ஒரு முறையாவது இப்படி நடந்திருக்கலாமே என்று தோன்றியது.

சோலை எல்லைக்கு வெளியே, கல் நட்டிருக்கும் கோட்டைத் தாண்டி, ஓர் அகலப் பாறை இருக்கிறது. மனமுடைந்த சிவக்குமார் அதில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். முந்தின நாள் மரநாய் ஒன்று சோலைக்குள் விருந்து சாப்பிட்டுவிட்டு, பாறையில் வந்து பாரம் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அவருடைய கால்சட்டையின் பின்பக்கம் முழுவதும் அத்தி விதையும் நாவல் கொட்டையும். செல்லாயி ஆட்டுக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "சாமி இல்லைன்னு சொல்லீட்டு, பொறகால வந்து குடுத்திருக்குது பாருங்க" என்றாள். சிவக்குமார் சிரிக்கவில்லை. அவர் கொட்டையைத் துடைத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூசாரியிடம் போய், முழு மரியாதையோடு, "ஏனுங்க, இது யாருதுங்க?" என்று கேட்டார். பெரியண்ணன் கோட்டைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், கால்சட்டையைச் சுற்றி வந்து பார்த்தார். "கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்தா சாமிது. இந்தப் பக்கம் போட்டா மரநாயிது. மரநாய்கிட்டப் பூக் கேக்கற பழக்கம் நமக்கில்லீங்க" என்றார். இதைவிடத் தெளிவான தீர்ப்பை நான் எந்த அலுவலகத்திலும் பெற்றதில்லை.

அப்படித்தான், கண்ணு, உன் அம்மா அந்தப் பாறைக்கு வந்தாள். காலையில் போய்ப் பார்ப்போம். மரநாய் போட்டது, வௌவால் துப்பியது, குருவி உதிர்த்தது, எல்லாம் கோட்டுக்கு வெளியே கிடப்பது மட்டும். கொண்டுவந்து கழுவி, சாம்பல் போட்டுப் புரட்டி, மண் நிரப்பிய பைகளில் ஊன்றுவோம். மனிதன் பறித்த விதையைவிட இவை ஒழுங்காக முளைத்தன. மிருகங்களின் வயிற்றில் ஏதோ ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது, எங்களுடையதைவிடத் தேர்ச்சி அதிகம். ஆனால் ஒரு சிக்கல் வந்தது. மரக்கன்றோடு படம் எடுத்துப் போட்டால் சொந்தக்காரர்கள் வாழ்த்துவார்கள். கழிவோடு எடுத்துப் போட்டால் நலம் விசாரிப்பார்கள். வேனில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு வந்த காலம் போய், முதலில் பின்னிருக்கை காலியானது, பிறகு நடு இருக்கை. பிறகு வேனுக்குப் பதில் கார் வந்தது. கடைசியில் சிவக்குமார் மட்டும் அரசுப் பேருந்தில் வந்தார். தை மாதம் அவருக்கும் ராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. விடைபெறும்போது, "டீச்சர், நீங்க இருக்கீங்கன்னு தைரியமாப் போறேன்" என்றார். எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள், நான் இருக்கிற தைரியத்தில்.

அவர் போன பிறகு வந்த முதல் ஞாயிறு. வளைவில் வண்டி கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே அது லாரியா, பேருந்தா, வேனா என்று எனக்குச் சொல்லத் தெரியும். அன்று காலை முழுவதும் லாரிகள்தான். பழைய ஆட்களில் யாராவது வரக்கூடும் என்று எலுமிச்சைச் சாதம் ஒரு தூக்கு நிறையக் கிளறி வைத்திருந்தேன். கை பழக்கம். யாரும் வரவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு நானே மேலே ஏறினேன். பாதையில் செல்லாயி பார்த்துவிட்டு, "என்னங்க டீச்சரு, ஆளுக வரலீங்களா?" என்றாள். "வந்துட்டிருக்காங்க" என்றேன். அவள் என் பின்னால் நீண்டு கிடந்த காலி ரோட்டைப் பார்த்தாள். அன்று மட்டும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இனி வருவதை நான் உன்னிடம் மறைத்திருந்தேன். பாதிச் சரிவில் கால் பிசகி விழுந்தேன். தூக்கு உருண்டு போயிற்று, சாதம் சரிவெங்கும் மஞ்சளாகச் சிதறியது. எழுந்திருக்கப் பார்த்தேன், கணுக்கால் ஒத்துக்கொள்ளவில்லை. கைப்பேசியில் டவர் இல்லை. பள்ளிக்கூடத்துக் காலை வணக்கக் கூட்டத்துக்குக் கத்துகிற குரலில் ஒரு தடவை, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்திப் பார்த்தேன். எதிர்ச் சரிவு என்னிடம் அதையே திருப்பிக் கேட்டது. அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் படுத்துக்கொண்டேன். வெயில் என் காலிலிருந்து நகர்ந்து முகத்துக்கு வந்தது. நீ சொன்ன குடியிருப்பில் கட்டிலுக்குப் பக்கத்தில் மணி அடிக்கும் பொத்தான் இருக்கும் என்று சொன்னாயல்லவா, அதை நினைத்தேன். ஆசையோடுதான் நினைத்தேன். இங்கே பொய் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை.

முகத்தில் வெயில் பட்டதால் தலையைத் திருப்பினேன். கண்ணுக்கு நேரே உண்ணிச்செடிப் புதரின் அடி. முதல் வருடம் நாங்கள் ரொம்பச் செங்குத்து என்று பிடுங்காமல் விட்ட திட்டு அது. நின்றுகொண்டு பார்த்தால் முள்ளும் இலையும்தான் தெரியும். படுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு கூடம் போல இருந்தது, இருட்டாக, ஈரமாக. அங்கே ஒரு நாவல் கன்று நின்றது, முழங்கால் உயரம். பக்கத்தில் ஓர் அத்தி. தள்ளி இன்னும் சிலது. நாங்கள் அங்கே எதுவுமே வைக்கவில்லை, அந்த இடத்தில் நிற்கவே முடியாது. ஏதோ குருவி கொண்டுவந்து போட்டு, புதர் மறைத்து வைத்து, மழை பார்த்துக்கொண்டது. என் முதல் உணர்ச்சி என்ன என்று நினைக்கிறாய்? எரிச்சல். எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று. குழி வெட்டி, கழுவி, சாம்பல் புரட்டி, ஞாயிறு ஞாயிறாக இத்தனை பேர் கூடிப் பிரிந்து செய்ததை, இது ஒரு மூலையில் பேசாமல் செய்து முடித்திருக்கிறது. ஒரு வழியாகச் செல்லாயி காணாமல் போன ஆட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். "ஏனுங்க டீச்சரு, இங்க வந்து படுத்துட்டீங்க?" என்றாள். "கால் பெசகிருச்சு" என்றேன். "கூப்புட வேண்டியதுதானுங்க?" "யாரை?" என்றேன். "அதுஞ் செரிதான்" என்று என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இறங்கும்போது வழியெல்லாம் ஆட்டைத் திட்டினாள். அது என்னைத் திட்டியதாக எடுத்துக்கொண்டேன், இதமாக இருந்தது.

கால் கட்டோடு வீட்டில் கிடந்த நாட்களில்தான் யோசித்தேன். அந்தச் சரிவுக்கு நான் தேவைப்படாமல் போக வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் நோக்கமே. காடு திரும்பி வந்துவிட்டால் அதற்குத் தலைமையாசிரியை எதற்கு? இதை நான் முன்பே புரிந்துகொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் உன்னை வளர்த்ததும் அதே நோக்கத்தில்தான். நீ என்னிடம் வழி கேட்காமல் ஓர் அந்நிய நகரத்தில் வீடு வாங்கினாய், பனியில் வண்டி ஓட்டுகிறாய், காய்ச்சல் வந்தால் மறுவாரம்தான் சொல்கிறாய். அதெல்லாம் நான் வேண்டிக்கொண்டது நடந்ததுதான். நடந்த பிறகு வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று வேண்டிக்கொள்ளும்போது யாரும் எச்சரிக்கவில்லை. ஆகையால் உன் மேல் குறை ஒன்றும் இல்லை. நீ அழைப்பது அன்பினால்தான், அதையும் அறிவேன். என் கால் பிசகினால் என்ன ஆகும் என்று நீ பயப்படுவது நியாயம். பிசகினால் என்ன ஆகும் என்று இப்போது எனக்கே தெரியும். ஆனால் அங்கே தொட்டி கொடுப்பார்கள் என்றாயே, தொட்டியில் வைக்கிற செடிக்கு நான் கடைசிவரை தேவைப்படுவேன். இந்த வயதில் அப்படி ஒரு செடியிடம் என்னை ஒப்படைக்காதே. அது என்னை வைத்துக்கொண்டு, நான் அதை வைத்துக்கொண்டு, இருவரும் ஒருவரையொருவர் நலம் விசாரித்தபடி இருப்போம். சரிவில் என்னைக் கேட்காமல் வளர்கிறவற்றைப் பார்த்துக்கொண்டு தனியாக இருப்பது அதைவிட எனக்குப் பொருந்துகிறது. மகிழ்ச்சி என்று சொல்லவில்லை, பொருந்துகிறது என்றுதான் சொல்கிறேன்.

நேற்று அந்தக் குடியிருப்புக்கு நானே பேசினேன். எடுத்தது ஒரு சின்னப் பெண். குரலில் தேன். "சொல்லுங்கம்மா, எப்ப வர்றீங்க? உங்க ரூமுக்கு ஜன்னல்லேர்ந்து தோட்டம் தெரியும்" என்றாள். "வரலீங்க கண்ணு, அந்த ரூம வேற யாருக்காச்சும் குடுத்துருங்க" என்றேன். "ஏம்மா, எங்க சைடுல ஏதாச்சும் குறையா?" "இல்லீங்க, ஒரு குறையும் இல்ல." "அப்ப கூட ஆள் யாராச்சும் வந்திருக்காங்களா? உங்க சன் நீங்க தனியா இருக்கிறதா சொன்னாரே?" என்றாள். "யாரும் வரல. தனியாத்தான் இருக்கறேன்" என்றேன். அவளுக்குக் கொடுத்திருக்கும் கேள்விகளில் அது கடைசியாக இருக்கும் போலிருக்கிறது. "உடம்பப் பாத்துக்கங்கம்மா" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கைப்பேசியைக் காதிலேயே வைத்திருந்தேன். தனியாக இருக்கிறேன் என்பதை நான் வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் முறை. அதுவும் முகம் தெரியாத ஒரு பெண்ணிடம்.

உன்னிடம் இதுவரை சொல்லாததற்குக் காரணம் உண்டு. சொன்னால் நீ தீர்வு தேடுவாய். உன் படிப்பு அப்படி, உன் வேலை அப்படி. ஒரு குறையைக் காட்டினால் இரண்டே நாளில் அதற்கு ஓர் அறை, ஒரு பொத்தான், ஒரு டாக்டர் என்று கண்டுபிடித்துவிடுவாய். எனக்கு இருப்பது தீர்க்க வேண்டிய குறை இல்லை, கண்ணு. எனக்குத் தனிமையாக இருக்கிறது, அவ்வளவுதான். பங்குனியில் எடுத்த விடுப்பை ரத்து செய்துவிடாதே. கோயம்புத்தூர் வேலை இல்லாததால் இரண்டு வாரமும் மிச்சம். என்னை அழைத்துப்போக வராதே, எதையும் சரிசெய்ய வராதே. வந்து இந்த வீட்டில் என்னோடு இரு. என்னிடம் ஒன்றும் பேச வேண்டும் என்றுகூட இல்லை. நீ பக்கத்து அறையில் நடமாடுகிற சத்தம் கேட்டால் போதும்.

அம்மா